ஆறடி நாலங்குலத்தை ஒளிப்பது எப்படி

வழுக்கையைத் தொப்பிக்குள் ஒளிக்கலாம். தொப்பையைத் தொளதொளச் சட்டைக்குள் ஒளிக்கலாம். ஒன்றும் தெரியாததைத் தலையாட்டலுக்குள் ஒளித்துக்கொண்டு பெரிய நாற்காலிகளில் இருபது வருடம் உட்கார்ந்திருந்தவர்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். உயரத்துக்கு மட்டும் அப்படி ஒரு வசதி கிடையாது. ஆறடி நாலங்குலம் உள்ள மனிதர் எங்கே போனாலும், அவர் போய்ச் சேருவதற்கு முன்னால் அவர் தலை போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பு இது. கடைத்தெரு வளைவில் இருக்கும் செருப்புக் கடையில் அவர் இருபத்தாறு வருடமாக விற்பனையாளர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் கடையின் ஏணி உடைந்தது. மேல்தட்டுப் பெட்டிகளை இவர் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி எடுத்துக் கொடுப்பதைப் பார்த்த முதலாளி, புது ஏணி வாங்கும் எண்ணத்தை அன்றோடு கைவிட்டார். உடைந்த ஏணி குப்பைக்குப் போனது. அதன் பெயர் இவருக்கு வந்தது. இன்றைக்குக் கடையில் அவர் ஏணி, தெருவில் ஏணி, மாமனார் வீட்டிலும் ஏணி. மரியாதை தெரிந்தவர்கள் மட்டும் ‘ஏணி சார்’ என்பார்கள்.

பெயர்தான் ஏணியே தவிர, பிழைப்பெல்லாம் தரையில். ஒன்றரைச் சாண் உயரமுள்ள குட்டை ஸ்டூலில், முழங்கால் இரண்டும் காதைத் தொட, மடக்கிவைத்த குடை மாதிரி உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் மடியில் ஏந்துவார். ஷூவை மாட்டிவிட்டு, கட்டை விரலால் அதன் நுனியில் ஓர் அழுத்து. அவ்வளவுதான். உள்ளே விரல் எங்கே முடிகிறது, எந்த விரல் மடங்கிக் கிடக்கிறது, எது இன்னும் இரண்டு மாதத்தில் காய்த்துப் போகும் என்பதெல்லாம் அந்த ஓர் அழுத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். “அரை சைஸ் பெருசு போடுங்க,” என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. முதலாளியே தன் மகன் கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவை அந்தக் கட்டை விரலிடம் காட்டிவிட்டுத்தான் காலில் போட்டுக்கொண்டார். அந்த விரலுக்கு ஒரே ஒரு குறை. அதற்கு லீவு நாள் எது, வேலை நாள் எது என்று தெரியாது.

வாரத்தில் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அவர் நிமிர்வார். அன்று எங்காவது கச்சேரி இருக்கும். சோபாவில் சாய்ந்து, பாட்டுக்குப் பாட்டு ஜூஸ் குடித்துக்கொண்டு கேட்கிற கச்சேரியைச் சொல்லவில்லை. கிடாரும் டிரம்ஸும் ஆளுயர ஸ்பீக்கருமாக, முந்நூறு பேர் தோளோடு தோள் இடித்து நின்றுகொண்டே கேட்கிறார்களே, அது. இருபது வயதில் பிடித்த பைத்தியம், நாற்பத்தெட்டிலும் தெளியவில்லை. விளக்குகள் அணைந்து, யாரும் எதையும் வாசிக்கத் தொடங்குவதற்கு முன்னால், மேடையில் பெட்டிகள் மட்டும் ‘ம்ம்ம்’ என்று உறுமுகிற அந்த நாலைந்து விநாடிக்காக அவர் எதையும் பொறுத்துக்கொள்வார்.

பொறுத்துக்கொள்ள நிறைய இருந்தது. ஆறு மணி என்று போட்டிருந்தால் ஏழே காலுக்கு ஒருவர் மேடைக்கு வந்து ‘செக், செக்’ என்று இருமிவிட்டுப் போவார். பாடகர் வந்ததும் முதல் வேலையாக, சத்தம் பத்தவில்லை என்று கூட்டத்தைக் கோபித்துக்கொள்வார். பக்கத்தில் ஒருத்தர் பாடகரைவிட ஒரு கட்டை மேலே சேர்ந்து பாடுவார். முதுகுப் பையை முதுகிலிருந்து இறக்காத இன்னொருத்தர் திரும்பும்போதெல்லாம் யாருக்காவது மூக்கு பெயரும். டிரம்ஸ் வாசிப்பவருக்குத் தனி ஆவர்த்தனம் கொடுத்தால் அவர் அதை முடிப்பதற்குள் போய் முடி வெட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

இவையெல்லாம் எல்லோருக்கும் உள்ள தொல்லைகள். ஏணிக்கென்றே தனியாக ஒரு சொல் இருந்தது: மறைக்குது.

முதல் கச்சேரியிலிருந்து அந்தச் சொல் அவரைத் துரத்திக்கொண்டிருந்தது. எங்கே போய் நின்றாலும் பின்னாலிருந்து யாராவது சொல்லிவிடுவார்கள். இவரும் பாவம், நியாயஸ்தர். பின்னால் நிற்பவருக்கு இடம் விட்டு ஓரடி, அவருக்குப் பின்னால் இருப்பவருக்காக இன்னும் ஓரடி என்று நகர்ந்து நகர்ந்து, கடைசிச் சுவரில் முதுகு முட்டிய இடத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டார். எல்லா அரங்குகளிலும் கடைசிச் சுவர் ஒரே மாதிரிதான். வலது பக்கம் கழிவறைக் கதவு; திறக்கும்போதெல்லாம் ஒரு வாடை. இடது பக்கம் குளிர்பானம் விற்கும் மேசை. நடுவே, பேசுவதற்காகவே டிக்கெட் வாங்கி வந்தவர்கள். வீட்டுக் குழாய் ஒழுகுவது பற்றியும், மைத்துனன் வேலையை விட்டது பற்றியும் கத்திக் கத்திப் பேச இதைவிட வாகான இடம் ஊரில் வேறெங்கும் இல்லை என்பது அவர்கள் கொள்கை. போதாததற்கு, அவர் உயரத்தைப் பார்த்தவர்கள், “அண்ணே, இதக் கொஞ்சம் பிடிச்சு ரெக்கார்ட் பண்ணுங்களேன்,” என்று தங்கள் போனை அவர் கையில் திணித்துவிட்டுப் போவார்கள். முன்பின் தெரியாத பதினேழு பேருடைய போன்களில் அவர் எடுத்த படங்கள் இருக்கின்றன. அவர் போனில் ஒன்றுகூட இல்லை.

கல்யாணம்கூட அந்தச் சொல்லால் ஆனதுதான். ஒருநாள் யாரோ இடுப்புக்குக் கொஞ்சம் மேலே தட்டினார்கள். திரும்பினார், யாருமில்லை. மறுபடி தட்டல். குனிந்து பார்த்தார். நாலடி ஒன்பதங்குலத்தில் ஒரு பெண், இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, “மறைக்குது,” என்றாள். நீங்கள் போங்கள் முன்னால் என்று இவர் வழிவிட்டார். முன்னால் போனால் அங்கே இன்னொரு முதுகு மறைக்கும், உங்கள் முதுகாவது சுத்தமான சட்டை போட்டிருக்கிறது என்று அவள் சொன்னதாகக் குடும்ப வரலாறு கூறுகிறது. அடுத்த வருடமே திருமணம்.

அவர் மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. கவுண்டருக்குப் பின்னால் அவர் நின்றால் வாடிக்கையாளர்களுக்குக் குரல் மட்டும்தான் கிடைக்கும். மாத்திரை தானாக மேலே வரும். கச்சேரியில் அவர் வழி வேறு. “பிள்ளை முன்னாடி தனியா நிக்குது, கொஞ்சம் விடுங்க,” என்று பொய் சொல்லிக்கொண்டே அக்குள்களுக்கு அடியில் புகுந்து மேடை விளிம்புக்குப் போய்விடுவார். கணவர் கடைசிச் சுவரிலும் மனைவி முதல் வரிசையிலுமாக இருபது வருடம் ஒற்றுமையாகக் கச்சேரி கேட்டிருக்கிறார்கள். திரும்பி வரும் வழியில் இவர் தலைகளைப் பற்றியும் அவர் அக்குள்களைப் பற்றியும் குறைப்பட்டுக்கொள்வார்கள்.

பிள்ளை என்ற பொய் பிற்பாடு உண்மையானது. ஒரே மகள், பத்தொன்பது வயது. உயரத்தில் இரண்டு கட்சிக்கும் பொதுவாக, ஐந்தடி ஐந்து. கல்லூரியில் கணக்குப் படித்தாள். மிச்ச நேரமெல்லாம் பாட்டு. நாலு பேராகச் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். துணி காயப்போடும் மொட்டை மாடி அறையில் பயிற்சி செய்ததால் குழுவுக்கு ‘ஈரத்துணி’ என்று பெயர். பயிற்சியின் மிச்சம் வீட்டுக் குளியலறையில் நடக்கும். மூன்று மாதமாக ஏணி அந்தக் கதவுக்கு வெளியே, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, குளிக்கக் காத்திருப்பவர் மாதிரி நின்று அத்தனை பாட்டையும் கேட்டு முடித்திருந்தார். வேலைக்குப் பல நாள் குளிக்காமல் போனார் என்பதை முதலாளி அறிவார்.

ஈரத்துணிக்கு முதல் மேடை கிடைத்தது. சனிக்கிழமை மாலை ஆறு மணி, பழைய அச்சகத்தை இடித்துப் புதுப்பித்த கூடம், நாலு குழுக்கள், அதில் இவர்கள் முதலாவது. மூன்று பாட்டு. செய்தி வந்த அன்றே சாப்பாட்டு மேசையில் மகள் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

“அப்பா, நீங்க வரக்கூடாது.”

ஏணி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காரணம் அவருக்கே தெரியும். அவள் பதினோரு வயதில் பள்ளிப் போட்டியில் பாடினாள். கூட்டத்துக்கு மேலே அப்பாவின் தலை மட்டும் தனியாகத் தெரிந்தது. அந்தத் தலையில் இருந்த வாய் அவளோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல், அரைத் தாளம் முன்னதாக. பிள்ளை அந்த வாயைப் பார்த்தாள், அதைப் பிடிக்க ஓடினாள், தாளம் போயிற்று, பிறகு வார்த்தை போயிற்று, கடைசியில் மேடையை விட்டே போய்விட்டாள். பிறகு எட்டு வருடம் எந்த மேடையிலும் ஏறவில்லை. குளியலறைக் கதவு மட்டும்தான் அவளுக்குச் சபை.

“வாயை மூடிக்கிட்டு நிக்கிறேன்மா,” என்றார்.

“உங்களால முடியாதுப்பா. செய்தி வாசிக்கிறவங்களுக்கே நீங்க வாயசைக்கிறீங்க.”

நான் வரலாமா என்று அம்மா கேட்டார். நீ வந்தால் அவரும் பின்னாலேயே வருவார், ஆகவே இருவருக்கும் தடை என்று மகள் சொன்னாள். ஏணி “சரி” என்றார். அவ்வளவு சுலபமாக அவர் சரி என்றதுமே மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சந்தேகம் சரிதான். முப்பது வருடத்தில் ஊர்பேர் தெரியாதவர்களின் கச்சேரி எத்தனையோ கேட்டாயிற்று. சொந்த மகளின் முதல் கச்சேரியை வீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தில் பார்ப்பதா? போகத்தான் வேண்டும். ஆனால் அவள் கண்ணில் பட்டால் அத்தோடு தீர்ந்தது. இன்னும் எட்டு வருடம் குளியலறைதான். வீட்டில் எதுவும் பேசாமல் ஆராய்ச்சியில் இறங்கினார். கூடத்தைப் போய்ப் பார்த்தார். மாடம் இல்லை, தூண் இல்லை. ஒலி அமைப்பாளரைப் பிடித்து, ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்றுகொள்ளட்டுமா என்று கேட்டார். பின்னால் நின்றால் பாட்டும் பின்னாலேயே நின்றுவிடும் என்று அவர் சொல்லிவிட்டார். கூன் போட்டு நிற்கப் பழகினார். அது இன்னும் மோசம். ஒளிகிற மனிதர் என்று நூறடி தூரத்திலிருந்தே தெரிந்தது.

வியாழக்கிழமை கடையில் விடை கிடைத்தது. ஒரு பெரியவருக்கு ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்த ஓர் அம்மாள் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, “யாருமே இல்லையா கடையில?” என்று கேட்டார். ஏணி அவருக்கு நேர் எதிரில், குட்டை ஸ்டூலில் இருந்தார். கயிறு பாதியில் நின்றது. ஸ்டூலைக் குனிந்து ஒரு பார்வை பார்த்தார். புதையலைப் பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது.

ஸ்டூலை ஒரு நாள் இரவல் கேட்டபோது முதலாளி நீண்ட விசாரணை நடத்தினார். இருபத்தாறு வருடமாக இதில் உட்கார்ந்து முட்டி போச்சு என்று புலம்பும் மனிதர், லீவு நாளிலும் இதிலேயே உட்கார ஆசைப்படுகிறாரே, வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா என்று கேட்டார். கடைசியில், திங்கட்கிழமை கடை திறக்கும்போது ஸ்டூல் அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார்.

மனைவியிடம் மறைக்க முடியவில்லை. பையில் ஸ்டூல் துருத்திக்கொண்டிருந்தது. நானும் வருவேன் என்று கிளம்பியவரிடம், கூடவே இன்னொரு ஸ்டூல் கொண்டுவரட்டுமா என்று ஏணி கேட்டார். எனக்கு எதுக்கு, நான் பிறந்ததிலிருந்தே உட்கார்ந்த மாதிரிதானே இருக்கேன் என்று சொல்லிவிட்டு மனைவி பவுடர் பூசிக்கொண்டார்.

வாசலில் பையைச் சோதிப்பவர் ஸ்டூலை வெளியே எடுத்தார்.

“என்ன சார் இது?”

“ஸ்டூல்.”

“எதுக்கு?”

“உட்கார.”

காவலர் அதைத் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். கத்தி கூடாது, பாட்டில் கூடாது, வெடிபொருள் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. ஸ்டூல் பற்றி யாரும் எழுதவில்லை. சட்டத்தில் ஓட்டை இருப்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொண்டு உள்ளே விட்டார். மனைவி வழக்கம்போலப் பிள்ளை முன்னாடி நிக்குது என்று சொல்லிக்கொண்டு அக்குள்களுக்குள் மறைந்தார். இந்த முறை அது நூற்றுக்கு நூறு உண்மை. ஏணி விளக்கு அணைகிற வரை வெளியே சுவரொட்டியைப் படித்துக்கொண்டிருந்துவிட்டு, இருட்டியதும் இரண்டாக மடிந்து கூட்டத்துக்குள் நுழைந்தார். நட்ட நடுவில் இடம் பார்த்து, ஸ்டூலைப் போட்டு, உட்கார்ந்தார். ஆறடி நாலங்குலம் பூமியிலிருந்து காணாமல் போயிற்று.

வாழ்க்கையில் முதல் முறையாக அவர் யாருக்கும் மறைக்கவில்லை. அவருக்குத்தான் எல்லாம் மறைத்தது. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கால்கள். பேன்ட், பாவாடை, முழங்கால் கிழிந்த ஜீன்ஸ். கீழே அவருக்குத் தெரிந்த உலகம்: எட்டாம் எண் வெள்ளைக் கேன்வாஸ், குதி தேய்ந்தது, ஐந்தாம் எண் வார்ச் செருப்பு, வார் வேறு நிறத்தில் மாற்றித் தைத்தது, கயிறு அவிழ்ந்த பத்தாம் எண் ஒன்று. மேலே யாரோ குடித்துக்கொண்டிருந்த பானம் சொட்டுச் சொட்டாக அவர் உச்சந்தலையில் விழுந்தது. ஒரு முதுகுப் பை சரியாகக் காது உயரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மனைவி இருபது வருடமாக எந்த நாட்டில் வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்று அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பாட்டு தொடங்கியது. தொடங்கியது என்று தரை சொன்னது. டிரம்ஸும் பேஸ் கிடாரும் தரை வழியாக வந்து ஸ்டூலைக் குலுக்கி முதுகெலும்பில் ஏறின. குரலைத்தான் காணோம். முந்நூறு உடம்புகள் அதை மேலேயே குடித்துவிட்டன. காதைத் தூக்கினார், சாய்த்தார், கையைக் குவித்து வைத்துப் பார்த்தார். குளியலறைக் கதவு, வாளி, திறந்த குழாய் எல்லாம் தாண்டி வந்த குரல், முப்பதடியில் நின்று ஒலிபெருக்கியில் பாடும்போது வந்து சேரவில்லை. முதல் பாட்டு முடிந்தது என்பதே கைதட்டலில்தான் தெரிந்தது. அவரும் தட்டினார், யாருடைய தொடையிலோ பட்டது.

இரண்டாவது பாட்டின் நடுவில் ஒன்று நடந்தது. தாளம் போட்டுக்கொண்டிருந்த கால்கள் எல்லாம் ஒரு விநாடி நின்றன. குதிகால்கள் தூக்கிய வாக்கில் அப்படியே இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக மறுபடி தட்டத் தொடங்கின. மேலே என்ன ஆனது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து பார்த்தால் தெரியும். எழுந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது பாட்டு தொடங்கியது. பதற்றத்தில் இருக்கிற மனிதனுக்குக் கை சும்மா இருக்காது. அவருக்கு நேர் முன்னால் ஒரு ஜோடி பழுப்பு நிற ஷூ, புதுசு. அதன் சொந்தக்காரர் பருத்த மனிதர். பாட்டுத் தொடங்கிய நேரத்திலிருந்து இடது காலுக்கும் வலது காலுக்கும் மாறி மாறி நின்றுகொண்டிருந்தார். தாளத்துக்கு ஆடுகிறார் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். ஏணிக்குத் தெரியாதா? அது தாளம் இல்லை, சுண்டு விரல். அந்தப் பருத்தவர் கொஞ்சம் திரும்பி நின்றார். வலது ஷூவின் நுனி, ஸ்டூலுக்கு முன்னால், எங்கே இருக்க வேண்டுமோ மிகச் சரியாக அங்கே வந்து நின்றது.

ஏணி அழுத்தவில்லை. இதை அவர் இன்றுவரை சத்தியம் செய்து சொல்கிறார். கட்டை விரல்தான் அழுத்தியது.

இருட்டில், முந்நூறு பேருக்கு நடுவில், தரையிலிருந்து எதுவோ தன் காலைப் பிடிப்பதை உணர்ந்த மனிதர் எழுப்பிய ஒலி, பேஸ் கிடாரைத் தாண்டியது. அவர் பின்னால் துள்ளினார். பின்னால் இருந்தவர்கள் அவருக்குப் பின்னால் சாய்ந்தார்கள். வட்டமாக ஓர் இடைவெளி விழுந்தது. நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு நெடிய உருவம். “ஆள் விழுந்துட்டார்” என்றது ஒரு குரல். அதற்கப்புறம் ஏணியின் பேச்சு எங்கும் எடுபடவில்லை. முதலுதவி வகுப்பு முடித்தவர் ஒருவர், மயங்கியவர்களுக்குக் காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று படித்திருந்தார், பிடித்தார். கால் வந்துகொண்டே இருந்ததால் இன்னும் இரண்டு பேர் உதவிக்கு வர வேண்டியதாயிற்று. ஒரு பெண் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகத்தில் கவிழ்த்தாள். நீளமா இருக்கிறவங்களுக்கு ரத்தம் தலைக்குப் போய்ச் சேர நேரமாகும், பொறுங்கள் என்று யாரோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிரம்ஸ் நின்றது. கிடார் நின்றது. எல்லாச் சத்தமும் நின்ற பிறகு, அன்று முதல் முறையாக, மகளின் குரல் அவர் காதில் முழுசாக விழுந்தது.

“எல்லாரும் நில்லுங்க. அங்க யாரோ விழுந்திருக்காங்க. நெருக்காதீங்க, வழி விடுங்க. அண்ணா, நடுவுல லைட் போடுங்க.”

நடுக்கமே இல்லை. இவ்வளவு அதிகாரமான குரல் நம் வீட்டில் யாருடையது என்று தண்ணீர் சொட்டச் சொட்ட ஏணி யோசித்தார். விளக்கு அவர் மேல் விழுந்தது. இனி வேறு வழியில்லை. காலைத் திருப்பித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு எழுந்தார். முழங்கால் நிமிர்ந்தது, சுற்றி இருந்தவர்கள் அவ்வளவுதான் என்று நினைத்தார்கள். இடுப்பு நிமிர்ந்தது. முதுகு நிமிர்ந்தது. கழுத்து நிமிர்ந்தது. “இன்னும் இருக்காப்பா?” என்று பின்னால் யாரோ கேட்டார்கள்.

மேடையில் மகள் ஒலிவாங்கியை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டாள்.

“அப்பா.”

அந்தச் சொல் கூடத்தின் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பியது. முந்நூறு தலைகள் அவர் பக்கம் திரும்பின. இவர்தான் என் காலைப் பிடித்தவர் என்று பருத்தவர் முறையிட்டார். ஏணி குனிந்து, தாழ்ந்த குரலில், தொழில் மரியாதையோடு சொன்னார்: “அரை சைஸ் சின்னது சார். சுண்டு விரல் எரியுதா?”

பருத்தவர் புகாரைப் பாதியில் நிறுத்தினார். “ஆமா சார். காலையில இருந்து உயிர் போகுது.”

ஏணி மேடையைப் பார்த்தார். அவள் முகம் பதினோரு வயதில் போனது மாதிரியே போய்க்கொண்டிருந்தது. ஈரச் சட்டையோடு, மன்னித்துக்கொள் என்று கையால் ஜாடை காட்டிவிட்டு, மறுபடி ஸ்டூலைத் தேடி உட்காரப் போனார்.

“உட்காராதீங்க,” என்றது ஒலிபெருக்கி.

பாதியில் நின்றார். உட்காரவுமில்லை, நிற்கவுமில்லை, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் இருப்பவர் மாதிரி இருந்தார்.

“நீங்க உட்கார்ந்துட்டா, எங்க இருக்கீங்கன்னு தேடிக்கிட்டே பாடுவேன். அங்கயே நில்லுங்க. வாயை மட்டும் அசைக்காதீங்க.”

கூடம் சிரித்தது. நல்ல சிரிப்பு. அவளும் சிரித்துவிட்டாள், அது ஒலிவாங்கியில் குறட்டை மாதிரி கேட்டது, அதற்கும் சிரித்தார்கள். டிரம்ஸ்காரப் பெண் குச்சிகளைத் தட்டி ஒன்று, இரண்டு எண்ணினாள். மூன்றாவது பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. ஏணிக்குப் பின்னால் ஒருவர் பழக்க தோஷத்தில் மறைக்குது என்று முனகினார். அவங்க அப்பாய்யா, சும்மா இரு என்று நாலு பேர் அவர் வாயை அடைத்தார்கள்.

ஏணி தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டார், வலது கையால், அந்தக் கட்டை விரல் கன்னத்தில் பதிய. உள்ளே உதடுகள் அரைத் தாளம் முன்னதாக ஓடியது உண்மை. கைக்குள் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. குரல் நேராக வந்தது. கழிவறைக் கதவு இல்லை, ஒழுகும் குழாய் பற்றிப் பேசுகிறவர்கள் இல்லை. கூடத்தின் நடுவில் பாட்டு இப்படித்தான் கேட்கும் என்று முப்பது வருடமாக யாருமே அவரிடம் சொல்லவில்லையே என்று ஒரு கோபம்கூட வந்தது. கடைசிச் சரணத்தில் அவள் ஓர் இடத்தில் குரலை மேலே கொண்டுபோய் அங்கேயே நிறுத்தினாள். குளியலறையில் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் இருமுவாள். இன்றைக்கு இருமவில்லை. நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பருத்தவர் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, காலுறையோடு, கண்ணை மூடிக் கேட்டார்.

அவள் ஒரு தடவைகூட அப்பா பக்கம் திரும்பவில்லை. வேறெங்கோ பார்த்துப் பாடினாள். அதுவே போதும் என்று இருந்தது அவருக்கு.

முடிந்த பிறகு மேடைக்குப் பக்கவாட்டு வராந்தாவில் நாலு பேரும் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணி ஸ்டூலை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய், திட்டு வாங்கத் தயாராக நின்றார். மகள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். செருப்புக் கடை ஸ்டூலா என்று கேட்டாள். தலையாட்டினார். முட்டி என்னத்துக்கு ஆகும் என்றாள். ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு காலை மடக்கிக் காட்டப் போய், சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு அவள் கம்பியைச் சுருட்டியபடியே, வேறு யாரிடமோ கேட்பது மாதிரி கேட்டாள். “ரெண்டாவது பாட்டு எப்படிப்பா இருந்துச்சு?”

குதிகால்கள் தூக்கியபடி நின்ற அந்த விநாடி அவர் நினைவுக்கு வந்தது.

“கீழ ஒண்ணுமே கேக்கலம்மா. டம்மு டம்முன்னு தரை ஆடுச்சு, அவ்வளவுதான்.”

அவள் மூச்சை விட்டாள். “நல்லதாப் போச்சு. நடுவுல ஒரு வரியை முழுங்கிட்டேன்.”

“அப்படியா?” என்றார் ஏணி, கூரையைப் பார்த்துக்கொண்டு.

“ஒரு வரி இல்லடி, ரெண்டு வரி,” என்றது ஒரு குரல்.

மகள் இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், பிறகு குனிந்து பார்த்தாள். பெட்டிகளுக்கு நடுவில், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வியர்வையில் கரைந்த பவுடரோடு அம்மா நின்றுகொண்டிருந்தார்.

“நீ எங்க இருந்த?”

“உனக்கு நேர் எதிர்ல. முதல் வரிசை. மூணு பாட்டும் மூஞ்சிக்கு மூஞ்சி நின்னு கேட்டேன்.”

“நான் பாக்கவே இல்லையேம்மா. பயமா இருக்கும்போதெல்லாம் எதிர்ச் சுவர்ல இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன்.”

“தெரியும்,” என்றார் அம்மா. “என் தலைக்கு மேலதான் இருந்துச்சு.”